தெருவுக்குள் வந்த தோடி

சென்ற வைகாசியில் ஆம்பூர்ப் புறவழிச் சாலையை ஒட்டிய மண்டபம் ஒன்றில் உறவினர் இல்லத் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். முகூர்த்தம் நெருங்கிய வேளையில் நாதஸ்வர ஒலி எழுந்தது. திரும்பிப் பார்த்தேன், வாசிப்பவர் எவரையும் காணவில்லை. ஒலிபெருக்கிக்காரரின் மேசையில் செருகப்பட்டிருந்த பென் டிரைவிலிருந்து வந்த ஒலி அது. சற்றுக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. பழைய இசைத்தட்டின் கீறல் ஒலியோடு வந்துகொண்டிருந்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. புரோகிதர் கையை உயர்த்தினார். இளைஞர் ஒருவர் விசையை அழுத்தினார். தோடி பாதியில் அறுந்து, யாரோ எப்போதோ பதிவு செய்த கெட்டிமேளம் மண்டபம் அதிர முழங்கிற்று. தாலி கட்டியாயிற்று. ஒருவரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தோடிக்கும் என் குடும்பத்துக்கும் ஓர் உறவு உண்டு. டிசம்பர் 12 ராஜரத்தினம் பிள்ளை மறைந்த நாள். ஆண்டுதோறும் அந்நாளில் காவிரிக் கரையைச் சேர்ந்தவர்கள் அவரைப் பற்றி எழுதுவார்கள், எழுதுவது முறையும்கூட. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்திலிருந்தும் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழிகளில் வேலை செய்தவர். மயிர் நீங்குவதற்காகச் சுண்ணாம்பு நீரில் ஊறும் தோல்களை இறங்கிப் புரட்டுவது அவர் வேலை. பிறகு ஆவாரம் பட்டை, கடுக்காய்த் தொட்டிகளுக்கு அவை போகும். அந்த நாற்றம் குளித்தாலும் போகாது என்பார் பாட்டி. எங்கள் தெருவுக்குள் சாமி ஊர்வலம் வந்ததில்லை. நாதஸ்வரம் என்பது தாத்தாவுக்குத் தொலைவில் கேட்ட ஒலி. தீவட்டி வெளிச்சம் நகர நகரத் தேய்ந்து மறையும் ஒலி. வாசிப்பவரின் முகத்தை அவர் பார்த்ததில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் வந்த வேகத்தில் தெருக்கள் மாறிவிடவில்லை.

தொழிற்சாலை உரிமையாளரான சாயபு இசைப் பித்தர். சென்னையிலிருந்து கிராமபோன் ஒன்றை வாங்கி வந்து, மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சாவி கொடுப்பார். வேலை முடிந்தவர்கள் எதிரே தரையில் அமர்வார்கள். இந்துஸ்தானிப் பாட்டுகள், நாடகப் பாடல்கள், இவற்றுக்கு நடுவே ஒரு நாள் ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு. அன்றுதான் தாத்தா நாதஸ்வரத்தை அருகில் கேட்டார். இதை என் தந்தை எனக்குச் சொன்னது குறைந்தது நூறு முறை இருக்கும். சொல்லும்போதெல்லாம் தட்டின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பிப் போடும்வரை ஒருவரும் பேசவில்லை என்பதை மட்டும் தவறாமல் சேர்த்துக்கொள்வார்.

அத்தட்டில் வாசித்தவர் 1898 ஆகஸ்ட் 27 அன்று நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்துவான். அவர் பையனைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். ராஜரத்தினம் என்ற பெயர் மடத்தில் கிடைத்தது. முதலில் அவர் கற்றது நாதஸ்வரம் அன்று, வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரே ஆசிரியர். சிறுவனாகக் கச்சேரிகளில் பாடியும் இருக்கிறார். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம் பயின்றது அதன் பிறகுதான். இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் அவர் வாசிப்பு முழுவதற்கும் விளக்கம் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். குழலுக்குள் அவர் ஊதியது ஒரு பாடகனின் மூச்சு.

நாதஸ்வரம் எளிதில் வசப்படும் கருவி அன்று. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த உலவு, கீழே அணசு, மேலே நாணல் வகைத் தட்டையில் செய்த சீவாளி. விரலுக்கு ஏழு துளைகள். வேறு விசைகள் கிடையாது. அரைத் துளை மூடுவதிலும், உதட்டின் அழுத்தத்திலும், காற்றின் அளவிலும்தான் சுரம் பிறக்க வேண்டும். ஐரோப்பிய ஓபோவும் இரட்டைச் சீவாளிக் கருவியே. ஆனால் அதன் உடலெங்கும் உலோக விசைகள் உண்டு. இங்கே எல்லாம் வாயும் விரலும்தான். அதிலும் அக்காலத்தில் வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது. நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிப்பது. வீதியில் ஆயிரம் பேருக்கு நடுவே ஒலிக்க அந்த உச்சம் தேவைப்பட்டது. ஆனால் அமர்ந்து கேட்பவரின் செவிக்கு அது கூர்மை. சுத்த மத்தியமத்தை அதில் சரியாக எழுப்புவதும் கடினம்.

ராஜரத்தினம் பிள்ளை நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை விரும்பினார். திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆச்சாரி அவருக்காக அதைக் கடைந்து, துளைகளைத் திருத்தித் திருத்திச் சுத்த மத்தியமத்தை அதன் இடத்தில் நிற்க வைத்தார். வாசித்தவரின் பெயரை உலகம் அறிந்த அளவுக்குக் கடைந்தவரின் பெயரை அறியவில்லை. கையால் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இது என் கண்ணில் முதலில் படுகிறது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை வாசித்தபோது ஆச்சாரியாரைத்தான் நினைத்துக்கொண்டேன். இன்று ஏறக்குறைய எல்லா மேடைகளிலும் ஒலிப்பது பாரி நாயனமே.

சுருதி தாழ்ந்ததும் கேட்கும் இடமும் மாறியது. வீதியிலிருந்து நாதஸ்வரம் அவைக்குள் வந்தது. இப்படி ஒரு மாற்றம் வேறு நாட்டிலும் நிகழ்ந்திருக்கிறது. வியன்னாவில் 1782இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் ஓபோ, கிளாரினெட், பாஸூன், ஹார்ன் ஆகியவற்றில் இவ்விரண்டாக எட்டுக் காற்றுக் கருவிக் கலைஞர்களை அரசவைக் குழுவாக அமர்த்தினார். தோட்டத்திலும் விருந்திலும் பின்னணியாக ஒலித்துவந்த இசை அது. மோட்சார்ட் அதற்கு எழுதியவை பின்னணிக்கு உரியவை அல்ல. அவர் பதின்மூன்று கருவிகளுக்கு எழுதிய செரினேட்டை இன்று அரங்கில் அமைதியாக அமர்ந்து கேட்கிறார்கள். இசைத்தட்டாக வாங்கி வீட்டில் கேட்கிறார்கள். அங்கே அரசரும் மேதையும் சேர்ந்து செய்ததை இங்கே ஓர் ஆள் தன் பிடிவாதத்தால் செய்தார்.

பிடிவாதம் என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். அக்கால நாதஸ்வரக் கலைஞரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டி, நின்றபடியே வாசிக்க வேண்டும். மங்கலத்துக்கு அவர் வேண்டும். மரியாதைக்கு அவர் வேண்டியதில்லை. பாட்டுக் கச்சேரி செய்பவருக்கு மேடையும் விரிப்பும், நாதஸ்வரக்காரருக்குப் பந்தல்காலின் ஓரம். ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தார். சட்டையும் கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன். மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார், வாசித்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை வெட்கமின்றித் தமதாக்கிக்கொண்டார். இதையெல்லாம் ஆணவம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆணவம் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்த ஆணவம் இல்லாதிருந்தால் அவருக்குப் பின் வந்தவர்கள் சட்டை போட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று மட்டும் கேட்பேன்.

அவர் குறைகளும் ஊரறிந்தவை. குடி உண்டு. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் இருந்ததுண்டு. பல முறை மணம் செய்துகொண்டார். மனம் போன போக்கில் செலவழித்தார். அழைத்தவர்களைக் காக்க வைத்துப் பிறகு விடிய விடிய வாசித்து அவர்களை மன்னிக்க வைத்த கதைகள் தஞ்சை வட்டாரத்தில் எண்ணற்றவை. அவற்றில் எது உண்மை, எது வளர்ந்த கதை என்று பிரிப்பது இனி இயலாது.

ராக ஆலாபனையில்தான் அவர் தம் காலத்தை வென்றார். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்தாலும் சொன்னதைத் திரும்பச் சொல்லாத கற்பனை. பாடகர்களே அவரிடமிருந்து கற்றார்கள், ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களுக்கு ஊற்று இவருடைய நாதஸ்வரம் என்பது இசையுலகம் ஒப்புக்கொண்ட செய்தி. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதை பக்கத்தில் அமர்ந்த இரவுகளில் எது நாதஸ்வரத்தின் ஆட்சி, எது தவிலின் ஆட்சி என்று கேட்டவர்கள் விவாதித்திருக்கிறார்கள். பல ராகங்களை ஆண்டவர்தான்; ஆயினும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது தோடி.

மணிக்கணக்கில் விரித்த அந்தத் தோடியை ஓர் இசைத்தட்டில் எப்படி அடைப்பது? நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடம்தான் கிடைக்கும். இரு பக்கமும் சேர்த்தால் ஆறு நிமிடத்துக்கு மேல் சிறிது. நடுவில் தட்டைத் திருப்ப வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு உரியதை ஆறு நிமிடத்துக்குச் சுருக்கும் கட்டாயம் வேறொருவரைச் சிதைத்திருக்கும். ராஜரத்தினம் பிள்ளை சுருக்கவே இல்லை என்பது என் எண்ணம். அவர் முன்னுரைகளை விட்டுவிட்டு ராகத்தின் நடுவீட்டுக்குள் நேராக நுழைகிறார். தோடியின் உயிர் அசைந்து நிற்கும் காந்தாரத்தில் இருக்கிறது. அங்கே அவர் காற்றை நிறுத்திப் பிடிக்கும்போது நேரம் நின்றுவிட்டதாகத் தோன்றும், கடிகாரம் மூன்று நிமிடத்தைத்தான் காட்டும். பிறகு பிருகாக்கள் மழை போல் இறங்கும். மூச்சு எங்கே எடுத்தார் என்பதை இன்றுவரை என்னால் பல இடங்களில் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கேட்டவர்கள் நாகைக்காரர்களும் கும்பகோணத்துக்காரர்களும் மட்டும் அல்லர். எங்கள் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் கல்யாண மண்டபச் சிற்பங்களைக் காண உலகெங்குமிருந்து வருகிறார்கள். ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த 58 ஆண்டுகளில் ஒரு நாள்கூட அங்கே மூலவர் இல்லை, பூசை இல்லை, எனவே மங்கல இசையும் இல்லை. 1981 மார்ச்சில்தான் இறைவன் கோட்டைக்குள் திரும்பினார். காவிரிக் கரையில் கோயிலுக்குக் கோயில் ஒரு நாதஸ்வர மரபு வளர்ந்த காலத்தில், எங்கள் பக்கத்தின் பெருங்கோயில் ஓசையின்றிக் கிடந்தது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு அரக்குத் தட்டும், 1938 ஜூனில் தொடங்கிய சென்னை வானொலி நிலையமும் கொண்டுவந்து சேர்த்ததை எளிதாக நினைத்துவிடக் கூடாது.

எங்கள் தெருவுக்கோ அது இன்னொன்றையும் செய்தது. தட்டுக்குத் தீட்டுத் தெரியாது. எந்தத் திண்ணையில் வைத்தாலும் அது சுழலும். யார் எதிரில் அமர்ந்தாலும் ஒரே தோடியைத்தான் வாசிக்கும். ஆதீன வித்துவானின் வாரிசு, முன்னர் கோயில் வீதிகளில் வாசித்த ஒரு கருவியை, இஸ்லாமியர் ஒருவரின் திண்ணையில், சுண்ணாம்பு வெந்த கைகளோடு அமர்ந்திருந்தவர்களுக்கு வாசித்தார். அவருக்கு அது தெரியாது. பின்னர் கீர்த்தனை வாசித்த தட்டு ஒன்றும் வந்ததாம். அதில் தவில் ஒலித்தபோது தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாராம். தவிலின் வலந்தலை எருமைத் தோல், இடந்தலை ஆட்டுத் தோல். தோலின் குரல் அவருக்குத் தெரிந்த குரல்.

1940இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் காளமேகம் என்ற படம் வந்தது. கவி காளமேகமாக நடித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. படத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 1947 ஆகஸ்ட் 14 மாலை, விடுதலைக்குச் சில மணி நேரம் முன்பு, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டெல்லியில் நேருவிடம் செங்கோல் அளிக்கச் சென்ற குழுவில் அவர் இருந்தார். அவருடைய நாதஸ்வரம் ஒலித்தது. அந்தச் செங்கோலின் பொருளைப் பற்றி அண்மை ஆண்டுகளில் நடந்த வழக்காடலுக்குள் நான் புகப் போவதில்லை. பந்தல்காலின் ஓரம் நிறுத்தப்பட்ட ஒரு கலை, தலைநகரில் அந்த வேளைக்கு அழைக்கப்பட்டது என்பதே எனக்குப் போதுமானது.

அவர் பாணி வாரிசுகளைத் தேடிக்கொண்டது. காருகுறிச்சி அருணாசலம் நெல்லைச் சீமையிலிருந்து வந்து அவருடன் வாசித்துப் பயின்றவர். 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கையில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் இணைந்த பாடலை அறியாத தமிழர் இல்லை. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தின் கரவதியில் பிறந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்துத் தஞ்சைப் பாணியைக் கற்றார். நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியமர்ந்தார். ஐந்து வேளை தொழுத ஒருவர் அரங்கன் திருவீதிகளின் அருகில் வாழ்ந்து தோடி வாசித்தார். எங்கள் சாயபு உயிரோடிருந்து சின்ன மௌலானாவைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று தந்தை சொல்வதுண்டு.

1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் ராஜரத்தினம் பிள்ளையின் மூச்சு நின்றது. மாரடைப்பு. பிள்ளைப் பேறு இல்லை. ஈட்டிய செல்வம் வந்த வழியே போயிருந்தது. எஞ்சியவை சில இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளுமே. அவரை நேரில் கேட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்துவிட்ட இன்று, அவர் என்றால் அந்தப் பதிவுகள்தாம்.

ஆகவே மண்டபத்துப் பென் டிரைவை நான் எளிதில் திட்டிவிட முடியவில்லை. ஒரு பதிவுதான் என் தாத்தாவுக்கு நாதஸ்வரத்தைக் கொடுத்தது. ஆனால் சாயபுவின் திண்ணையில் அந்தத் தட்டு சுழன்றபோது, வாசித்தவர் யார் என்று கேட்டார்கள். உறையில் இருந்த பெயரைப் படித்துச் சொல்லும்படி எழுத்தறிந்தவரை வேண்டினார்கள். என்றாவது ஒரு நாள் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மண்டபத்தில் ஒலித்தவர் யார் என்று அந்த இளைஞருக்கும் தெரியாது, மணமக்களுக்கும் தெரியாது. அன்றைய தட்டு ஒரு கலைஞரை நோக்கிக் கை காட்டியது. இன்றைய பதிவு, குடியாத்தம் பக்கத்திலும் ஆற்காடு பக்கத்திலும் சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு முகூர்த்த நாளுக்குக் காத்திருப்பவரின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இசைக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கும் அதே வீட்டார், வாசலில் பூவால் யானை செய்து வைக்கத் தயங்குவதில்லை.

வரும் தை மாதம் என் இளைய மகளுக்குத் திருமணம். குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நாதஸ்வரக் குழுவினரை ஏற்பாடு செய்யப் போன வாரம் சென்றிருந்தேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து அரை மணி நேரமாவது தோடி வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மூத்தவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். பணத்தைப் பற்றிப் பேரம் எதுவும் இல்லை. புறப்படும்போது தயங்கி ஒன்றே ஒன்று கேட்டார்: மேடைமேல் உட்கார இடம் இருக்குமா, அல்லது வழக்கம்போலச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில்தானா என்று. மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போய் மேடையை அளந்து பார்த்தேன். மணமக்கள் அமரும் சோபாவை இடப்பக்கம் நகர்த்தினால் எட்டு அடிக்கு ஆறு அடி கிடைக்கிறது. நான்கு பேர் அமர ஜமக்காளம் விரிக்கலாம்.